காப்புப்படியும் களவுப்படியும்: இறுவட்டுப் பிரதிகள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

திருகோணமலை உள்துறைமுகத்தை அடுத்துள்ள சீனன்குடாவில், பிரித்தானியர் ஆட்சிக்காலத்தில் அமைக்கப்பட்ட எண்ணெய்க் குதங்கள் காட்டினிடையே ஒன்றிலிருந்து ஒன்று விலகி நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9 ஆந் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது அவற்றுள் ஒரு குதம் எரிந்து அழிந்தது. ஏனையவை தப்பின, 99 குதங்கள் இன்றும் அங்கே உள. ஒரு பொருள் முழுவதையும் ஓரிடத்தில் மட்டும் வைத்தல் அதனை இழப்பதற்கு ஆயத்தஞ் செய்தலாகும் என்னும் எளிய உண்மையை அவற்றை அமைத்தோர் அறிந்திருந்தனர். எரிபொருளுக்குக் காட்டப்பட்ட இந்த முன்யோசனை கலைப்பொருள்களுக்குக் காட்டப்படுகின்றதா என்பது கேட்கப்படவேண்டிய கேள்வியாகும். திரைப்படங்களும் கணினி விளையாட்டுகளும் பதியப்பட்ட இறுவட்டுகளைப் பொறுத்தவரை, இக்கேள்விக்கான விடை மனநிறைவு தருவதாக இல்லை.

விலைகொடுத்து வாங்கிய திரைப்பட வட்டினையோ விளையாட்டு வட்டினையோ அதன் உடைமையாளர் தமது பாதுகாப்பின் பொருட்டு வேறொரு படி எடுத்து வைத்துக்கொள்ளலாமா? இவ்வினா பெரும்பாலும் சட்டத்தரணிகளின் வினாவாகவே கருதப்பட்டு வந்துள்ளது. "ஆம்" அல்லது "இல்லை" என்ற விடையுடன் அது முடிந்துவிடுவதும் வழக்கம். ஆயின் படியெடுத்தல் என்பது தமிழிலக்கிய வரலாற்றின் அடிப்படைச் செயல்களுள் ஒன்று. ஆகவே, இவ்வினாவை இலக்கிய மாணவரும் தம்முடைய வினாவாகக் கொள்ளுதல் பொருத்தமுடையதே.

முதலில் வட்டின் இயல்பினை நோக்குதல் வேண்டும். 12 சென்ரிமீற்றர் விட்டமும் 1.2 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்ட இறுவட்டு 1982 ஆம் ஆண்டு இசைக்காகச் சந்தைக்கு வந்தது. 1993 இல் அதே அளவான வட்டில் வீசீடி என்னும் ஒளிப்பட வடிவமும், 1996 இல் யப்பானில் டீவீடியும் அறிமுகமாயின. ஆலையில் அச்சிடப்படும் வட்டிலே, ஒளியைத் தெறிக்கச் செய்யும் மெல்லிய அலுமினியப் படலத்தின் துணைகொண்டே தகவல் வாசிக்கப்படுகின்றது. சாதாரண இறுவட்டில் இப்படலத்தைப் பெயர் எழுதப்படும் பக்கத்தில் மூடியிருப்பது ஒரு மெல்லிய அரக்குப் பூச்சு மாத்திரமே. அப்பூச்சில் ஏற்படும் கீறலால் உள்ளே ஈரம் புகுந்தால் அலுமினியம் உருக்குலைந்து பளபளப்பை இழக்கும். பின்னர் எந்தக் கருவியாலும் அவ்விடத்தை வாசிக்க இயலாது. வீட்டிலே பதிவுசெய்யப்படும் வட்டோ சேதனச் சாயப்படலம் ஒன்றையே நம்பியிருக்கின்றது. அச்சாயம் வெயிலிலும் வெப்பத்திலும் மங்கும். உப்புக் காற்றும் ஈரப்பதனும் ஆண்டு முழுவதும் விலகாத சீனன்குடா போன்ற கரையோர ஊரில், வட்டு என்பது நிலையான பொருள் அன்று. திருமண ஒளிப்பதிவும், கோயிற் கொடியேற்றமும், பாடசாலை நாடகமும் அத்தகைய ஒற்றை வட்டிலேயே இருக்கின்றன என்பதை எண்ணிப் பார்ப்பின் இவ்விடயத்தின் பாரதூரம் விளங்கும்.

இந்நிலையிற் சட்டம் கூறுவதென்ன? இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், தனிப்பட்ட தேவைக்கான படியினை முற்றாகத் தடைசெய்யவில்லை. வெளியிடப்பட்ட ஆக்கமொன்றின் சட்டபூர்வமான படியிலிருந்து, ஒரு தனியாள் தமது சொந்தத் தேவைக்கு மட்டும் ஒரேயொரு படியை உரிமையாளரின் அனுமதியின்றி எடுக்கலாம் என்று அதன் 12 ஆம் பிரிவு இடமளிக்கின்றது. எனினும், உரிமையாளரின் வழமையான வருவாய்க்குக் குந்தகமாகும் படிக்கு அந்த இடம் இல்லை. கணினி நிகழ்ச்சித்திட்டங்கள் இப்பொது விதியிலிருந்து நீக்கப்பட்டு, அவற்றுக்கெனத் தனி ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது. நிகழ்ச்சித்திட்டத்தின் படியைச் சட்டப்படி உடையவர், அது தொலைந்தாலோ அழிந்தாலோ பயனற்றுப் போனாலோ மாற்றீடு செய்வதற்காக ஒரு காப்புப்படி வைத்திருக்கலாம். அவரது உடைமையுரிமை நீங்கும்போது அக்காப்புப்படியும் அழிக்கப்படுதல் வேண்டும்.

இவ்வேற்பாடுகளை ஒரு நூற்பாவினைப் பொருள்கொள்ளும் முறையில் வாசிப்பின், மூன்று குறைகள் புலனாகும். விளையாட்டு வட்டு என்பது நிகழ்ச்சித்திட்டமா, கட்புல செவிப்புல ஆக்கமா என்பது முதலாவது. அதனுள் கட்டளைத் தொகுதியும் உண்டு; ஓவியமும் இசையும் கதையும் உண்டு. ஒரே வட்டின் ஒரு பகுதிக்கு ஒரு விதியும் மறுபகுதிக்கு வேறு விதியும் பொருந்துமெனின், அதனை வைத்திருக்கும் மாணவன் எவ்வாறு தெளிவடைவான்? இரண்டாவது, நூலகங்களுக்கும் சுவடிகள் காப்பகங்களுக்கும் வழங்கப்பட்ட விலக்கு. அழிந்த படிக்கு மாற்றீடாகப் படியெடுக்க அவற்றுக்கு இடமளிக்கப்பட்டிருப்பினும், அது ஒளிப்பிரதி முறையையே மனத்திற்கொண்டு வரையப்பட்டது. தாளுக்காகத் தைத்த சட்டை திரைப்பட வட்டுக்குப் பொருந்துமாறில்லை.

மூன்றாவது குறையே பாரியது. "சட்டபூர்வமான படியிலிருந்து" என்பது நியாயமான நிபந்தனைதான். ஆயினும், இலங்கையின் கடைவீதிகளிற் பல்லாண்டுகளாக விற்பனையான இந்தியத் திரைப்பட வட்டுகளிற் பெரும்பாலானவை உரிமம் பெறாதவை என்பது யாவரும் அறிந்ததே. உரிமம் பெற்ற வட்டு கிடைக்காத ஊரில், அல்லது அதன் விலை ஒரு தொழிலாளியின் நாட்கூலியை விழுங்கும் நிலையில், அவ்வுரிமை ஏட்டளவிலேயே நின்றுவிடுகின்றது. சட்டம் வழங்கிய உரிமையைப் பயன்படுத்தும் தகுதியே பெரும்பாலோர்க்குக் கிட்டவில்லை. சட்டத்தை மீறியவர் என்று மக்களைக் குற்றஞ்சாட்டுவது எளிது. சட்டபூர்வமான படியை நியாயவிலையில் அவர்களது கைக்கெட்டச் செய்யாத வணிக அமைப்பையும் அதே தராசில் நிறுத்துவதே விமர்சகனின் கடமையாகும்.

சட்டம் திறந்த கதவைத் தொழில்நுட்பம் பூட்டுவதும் உண்டு. டீவீடிகளில் உள்ளடக்கம் மறைகுறியிட்டுப் பூட்டப்பட்டது. 1999 இல் அப்பூட்டைத் திறக்கும் சிறு நிகழ்ச்சித்திட்டம் ஒன்று வெளியாயிற்று. அதன் தொடர்பில் நோர்வேயில் வழக்குத் தொடரப்பட்ட இளைஞர் யோன் யொஹான்சன் 2003 இல் விடுதலை செய்யப்பட்டார். தாம் வாங்கிய வட்டைத் தாமே பார்ப்பதற்குப் பூட்டைத் திறத்தல் குற்றமாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். ஐக்கிய அமெரிக்காவோ 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் பூட்டைத் திறத்தலையே தனிக் குற்றமாக்கியிருந்தது. பிரித்தானியா 2014 ஒக்ரோபரில் தனிப்பட்ட படிக்கு இடமளித்து, உரிமையாளருக்கு இழப்பீடு பற்றிய போதிய சான்று காட்டப்படாமையால் 2015 யூலையில் நீதிமன்றத் தீர்ப்பினால் அதனை இழந்தது. ஜேர்மனி 1965 ஆம் ஆண்டு முதலே பதிவுக் கருவிகள் மீது ஒரு கட்டணம் விதித்து, அதனை ஆக்கியோருக்குப் பகிரும் வழியைக் கண்டிருந்தது. ஒரே செயல் ஒரு நாட்டில் உரிமையாகவும் மறுநாட்டிற் குற்றமாகவும் கொள்ளப்படுதலை நோக்கின், இது அறத்தினால் மட்டும் முடிவுசெய்யப்பட்ட விடயமன்று என்பதும், வணிக நலன்களின் பலாபலமும் இதிற் கலந்துள்ளது என்பதும் தெளிவாகும்.

விளையாட்டு வட்டுகளில் இப்பூட்டு இன்னும் கடுமையாக அமைந்தது. பிளேஸ்ரேசன் வட்டுகளின் உட்சுற்றிலே, சாதாரண பதிகருவியாற் பெயர்க்க இயலாத நுண்ணிய அசைவொன்று ஆலையிற் பொறிக்கப்பட்டது. அது காணப்படாத வட்டைக் கருவி ஏற்காது. உள்ளடக்கம் முழுவதும் பிழையின்றிப் பெயர்க்கப்பட்டிருப்பினும், அப்படி அக்கருவியின் முன் செல்லாக்காசே. கணினி விளையாட்டுகளிற் சேப்டிஸ்க் என்னும் பூட்டு பரவலாகப் பயன்பட்டது. 2015 இல் வெளியான விண்டோஸ் 10 பாதுகாப்புக் காரணங்களுக்காக அப்பூட்டை ஏற்க மறுத்தது. இதனால், முறைப்படி விலைகொடுத்து வாங்கப்பட்ட பல வட்டுகள் புதிய கணினிகளில் இயங்காது போயின. பூட்டு நீக்கப்பட்ட படியை வைத்திருந்தவன் விளையாடினான். பூட்டுடன் கூடிய மூலத்தை வைத்திருந்தவன் பார்த்துக்கொண்டிருந்தான். களவைத் தடுக்கவந்த பூட்டு இறுதியில் உடையவனையே வெளியே நிறுத்திய விந்தை இது.

இவ்விடத்தில் தமிழ்ச் சுவடி மரபினை நினைவுகூர்தல் தகும். பனையோலையின் ஆயுள் வரையறைக்குட்பட்டது. பூச்சிக்கும் ஈரத்துக்கும் இரையாகுமுன் அதனைப் பெயர்த்தெழுதியவர்களாலேயே சங்கத் தொகைகளும் காப்பியங்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டுவரை வந்தடைந்தன. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்த காலத்தில், தொட்டால் நொறுங்கும் ஏடுகளின் நிலைகண்டு வருந்தியமை அறிஞர் நன்கறிந்த செய்தியாகும். திருகோணமலையில் தோன்றி, 1895 இல் 'மோகனாங்கி' என்னும் நாவலை வெளியிட்ட த. சரவணமுத்துப்பிள்ளையும் சென்னையிற் கீழைத்தேயச் சுவடி நிலையத்திற் பணியாற்றியவரே. ஏடு பெயர்த்தெழுதியவன் நூலாசிரியனிடம் அனுமதி பெற்றவன் அல்லன். ஆயினும் அவனைக் கள்வன் என்று எவருங் கூறியதில்லை. அச்சியந்திரமும் வணிகப் பதிப்பும் வந்த பின்னரே படி என்பது விலைப்பொருளாயிற்று. பதிப்புரிமை என்ற கருத்தும் அதனுடன் வளர்ந்தது. அக்கருத்து ஆக்கியோனுக்குச் சோறிட்டது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், பெயர்த்தெழுதுவோன் ஆற்றிய காக்குந் தொழிலை அதன்பின் யார் ஆற்றுவது என்ற வினாவுக்கு அது விடை கூறவில்லை.

விடையின்மையின் விளைவைச் சினிமாவின் வரலாறு காட்டுகின்றது. 1931 இல் வெளியான முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. தென்னிந்தியாவின் முதல் மௌனப்படமாகிய நடராஜ முதலியாரின் 'கீசகவதம்' படமும் அவ்வாறே மறைந்தது. நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர்ராஜ் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா' (1933) தப்பிய கதை விசித்திரமானது. மூலநாவலின் பதிப்புரிமை தொடர்பான வழக்கினால் அப்படம் திரையிலிருந்து நீக்கப்பட்டு, அதன் படச்சுருள் பதிப்பகத்தாரின் கைக்குச் சென்று முடங்கியது. 1970 களில் இந்தியத் தேசியத் திரைப்படக் காப்பகம் அதனை மீட்டது. பதிப்புரிமை வழக்கே ஒரு படத்தைச் சிறைவைத்துக் காத்தது என்று கூறி இதனைச் சட்டத்தின் வெற்றியாகக் கொள்ளுதல் ஆகாது. ஒரு தீப்பொறி போதியதாயிருந்த ஒற்றைப் படியின் தற்செயலான தப்புதலே அது.

இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. 16 மில்லிமீற்றர் படமாக 1962 இல் வெளிவந்த 'சமுதாயம்' தொடக்கம், வி. எஸ். துரைராஜாவின் 'குத்துவிளக்கு' (1972), தர்மசேன பத்திராஜவின் 'பொன்மணி' (1977), செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய 'வாடைக்காற்று' (1978), திருகோணமலையைச் சேர்ந்த வைத்தியர் எஸ். ஆர். வேதநாயகம் தயாரித்த 'தென்றலும் புயலும்' (1978) வரை சிறுதொகையான படங்களே இங்கு உருவாயின. அவை ஒவ்வொன்றும் மிகச் சில படச்சுருள்களையே கொண்டிருந்தன. 1983 யூலை வன்செயலில் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது அங்கிருந்த படச்சுருள்களும் எரிந்தன. 1981 யூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொதுநூலகத்துக்கு நேர்ந்ததும் அதுவே: ஏறத்தாழ 97,000 நூல்கள் ஓரிடத்தில் இருந்தன, ஓரிரவில் அவை சாம்பராயின. வேறிடத்தில் வேறுபடி இருந்த நூல் மீண்டது. அங்கு மட்டுமே இருந்த சுவடி மீளவில்லை. 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் மின்னூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படியெடுத்து யாவருங் காணச்செய்தமை இந்த அனுபவத்தின் பாடத்தைச் செயலாக்கியதாகும். அச்சுக்குக் கிடைத்த இக்கவனம் திரைக்கும் இறுவட்டுக்கும் அதேயளவிற் கிடைக்கவில்லை.

இதற்கு எதிராகக் கூறப்படும் நியாயத்தையும் செவிமடுத்தல் வேண்டும். படியெடுக்கும் உரிமை என்று பேசத் தொடங்கினால் அது களவுக்குத் திரையாகிவிடும் என்பர். இவ்வச்சம் ஆதாரமற்றதன்று. பெருஞ்சந்தையுடைய சென்னைத் திரைப்படம் களவுப்படிகளால் இலாபத்திற் சிறிது குறையக்கூடும். மட்டக்களப்பிலோ திருகோணமலையிலோ கடன்பட்டு ஒரு குறும்படத்தை வட்டாக வெளியிடும் இளைஞனோ, பத்து நண்பர்கள் பத்துப் படி எடுத்தாலே முதலை இழப்பான். ஆகவே, "எல்லாப் படியும் பண்பாட்டுப் பணியே" என்று கூறுவது பொறுப்பற்ற பேச்சாகும். விற்பதற்காக எடுக்கப்படும் படியும், வாங்காமல் இருப்பதற்காக எடுக்கப்படும் படியும் காப்புப்படிகள் ஆகா. ஆயினும், கள்வன் இருக்கின்றான் என்பதற்காக வீட்டுக்காரனுக்கும் திறவுகோல் மறுக்கப்படுதல் எவ்வகை நீதி? சட்டம் ஒரு படியை நோக்கி, "இதனால் உரிமையாளருக்கு நட்டம் உண்டா?" என்று வினவுகின்றது. அவ்வினா அவசியமானதே. ஆனால் அதனுடன், "இப்படி இல்லாவிடின் இவ்வாக்கம் எஞ்சுமா?" என்ற வினாவும் எழுப்பப்படல் வேண்டும். கட்புல செவிப்புல ஆக்கங்களுக்கு எழுபது ஆண்டுகள் பாதுகாப்பு வழங்கும் சட்டம், அந்த எழுபது ஆண்டுகளும் அவை உயிர்வாழ்வதற்கு யாதொரு வழியும் வகுக்காவிடின், காலம் முடிந்தபின் பொதுமக்களுக்கு எதனைக் கையளிக்கும்?

படியெடுப்போரும் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டோர் அல்லர். இரட்டைப் படலமுடைய டீவீடி ஏறத்தாழ 8.5 ஜிகாபைற் கொள்ளும். கடையிற் கிடைக்கும் வெற்று வட்டிற் பெரும்பாலானவை 4.7 ஜிகாபைற்றே கொள்வன. பெரியதைச் சிறியதனுள் அடக்குவதற்காகப் படம் நெருக்கப்படுகின்றது; துணைத்தலைப்புகளும் இரண்டாம் மொழி ஒலியும் வெட்டப்படுகின்றன. வீசீடியாக மாற்றப்படின், 720 புள்ளி அகலமான காட்சி 352 ஆகச் சுருங்குகின்றது. அதனை மீண்டும் ஒருவர் நெருக்கிப் படியெடுக்க, முகங்கள் கறைகளாகின்றன. ஏடெழுதுவோர் சீர் விட்டும் சொல் மாற்றியும் எழுதியமையாற் பாடபேதங்கள் தோன்றியமை போன்றதே இது. எண்முறைப் பதிவோ ஏட்டுக்கு இல்லாத ஒரு பேற்றினை உடையது: நெருக்காது முழுமையாகப் பெயர்த்தால் நூறாவது படியும் மூலத்துக்கு நிகரானது. அப்பேற்றினைச் சோம்பலால் இழப்பவன் காவலன் எனப்படான்.

இன்னொரு வகையிலும் பண்டைய எழுத்தாளன் மேலானவன். ஏட்டின் இறுதியில் எழுதிமுடித்த ஆண்டையும் நாளையும் தன் பெயரையும் குறித்து, பிழை பொறுக்குமாறு வேண்டுவது அவன் வழக்கம். எந்த மூலத்திலிருந்து, எவரால், எப்போது எடுக்கப்பட்டது என்ற குறிப்பின்றி "படம் 1", "படம் 2" என எழுதப்பட்ட வட்டுகள் பிற்கால ஆய்வாளனுக்குப் புதிராகவே அமையும். மூலத்தையும் படியையும் ஒரே அலுமாரியின் ஒரே தட்டில் வைத்தலும் வழக்கமாயுள்ளது. அலுமாரியில் நீர் புகும் நாளில் இரண்டும் ஒருங்கே அழியும். அங்ஙனமாயின் அது காப்புப்படி அன்று.

இன்று வட்டே விடைபெற்று வருகின்றது. புதிய மடிகணினிகளில் அதனை வாசிக்கும் தட்டு இல்லை. படங்களும் விளையாட்டுகளும் சந்தா செலுத்திப் பார்க்கும் சேவைகளாகிவிட்டன. ஐக்கிய அமெரிக்காவில் வட்டுகளைத் தபாலில் வாடகைக்கு அனுப்பிவந்த நெற்பிளிக்ஸ் நிறுவனம் 2023 செப்ரெம்பரில் அச்சேவையை நிறுத்தியது. சேவையிலிருந்து ஒரு படம் நீக்கப்படின், பார்வையாளனிடம் படியெடுப்பதற்கு மூலமும் இராது. இம்மாற்றம் பழைய வட்டுகளின் பெறுமதியை உயர்த்துகின்றதேயன்றித் தாழ்த்தவில்லை.

செய்யத்தக்கவை சிலவே. சட்டத்தில் நூலகங்களுக்கும் காப்பகங்களுக்கும் உள்ள விலக்கு கட்புல செவிப்புல ஆக்கங்களையும் விளையாட்டுகளையும் ஐயத்துக்கிடமின்றி உள்ளடக்குமாறு திருத்தப்படுதல் வேண்டும். காப்பின் பொருட்டுப் பூட்டைத் திறத்தல் குற்றமன்று என்பதும் அதிற் கூறப்படல் வேண்டும். பல்கலைக்கழக நூலகங்கள் ஈழத்துத் திரைப்படங்களையும் குறும்படங்களையும் ஆக்கியோரின் ஒப்புதலோடு பெற்று, முழுமையான படிகளை ஒன்றுக்கு மேற்பட்ட நகரங்களில் வைத்தல் வேண்டும். இவை நிகழும்வரை பொறுப்பு வீடுகளிலேயே தங்கியுள்ளது. சீனன்குடாவில் ஓர் அலுமாரியில் உறங்கும் வட்டு இந்த ஆண்டு வாசிக்கப்படலாம். அடுத்த மாரியின் பின் வாசிக்கப்படாது போகலாம். அதனைத் துடைத்து, முழுமையாகப் பெயர்த்து, குறிப்பெழுதி, வேறூரிலுள்ள உறவினர் ஒருவரிடம் ஒப்படைப்பதற்கு ஒரு மாலைப்பொழுது போதியது.